பொழுதோடு சாப்பிடாதவன்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். செஞ்சியில் பிறந்தவனுக்கு இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சம் கிடையாது, கோட்டைக்குள் குதிரைச் சத்தம் கேட்டது, குளத்தில் யாரோ குளிக்கிற சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் ஒருத்தருமில்லை என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள், அதையெல்லாம் கேட்டு வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். படித்தது உலோகவியல், பிழைத்தது அதைச் சொல்லிக்கொடுத்து. உருக்கிப் பார்க்காத எதையும் நம்பாதே என்று மாணவர்களிடம் சொன்னவன். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். உங்களை நம்பவைப்பது என் நோக்கமில்லை. நான் செய்த ஒரு காரியத்தை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், அதைச் சொன்னால் இதுவும் கூடவே வருகிறது, அவ்வளவுதான்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பூர்வீகம் மேல்சித்தாமூர். நைனா மல்லாட்டை வியாபாரத்துக்காகச் செஞ்சிக்கு வந்து தங்கியவர், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் சீக்கிரமே போய்விட்டார். அம்மா, நான், தங்கை பத்மா. எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், இருட்டியபிறகு அடுப்பு கிடையாது, விளக்கு வெளிச்சத்தில் பூச்சி புழு விழுந்து சாகும் என்பதற்காக வந்த வழக்கம். எங்கள் ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் நலம் விசாரிப்பதே ‘பொழுதோட சாப்ட்டியா?’ என்றுதான். இதோடு எங்கள் பெண்கள் தாங்களாகவே ஏதாவது ஒரு நியமத்தையும் ஏற்றுக்கொள்வார்கள், இன்னது நடந்தால்தான் உண்பேன், இல்லாவிட்டால் அன்றைக்கு இல்லை என்று. நைனா போனபிறகு அம்மாவுக்கு வெள்ளைப் புடவை, ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் பின்மதியத்தில்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஜப்பானில், ஒசாகா நகரத்தில், ஆராய்ச்சி மாணவனாகப் போய்ப் படிக்க உதவித்தொகை கிடைத்தது. கிளம்புவதற்கு முதல் நாள் டார்ச் லைட்டையும் ஒரு தேங்காயையும் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பூமி சுற்றுவதை விளக்கினேன். நைனாவின் பழைய கூட்டாளி காதர் பாயும் வழியனுப்ப வந்து உட்கார்ந்திருந்தார், பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர்.

"தேங்காய ரொம்ப உருட்டாத, ஒடைஞ்சிடப் போவுது," என்றாள் அம்மா. "அப்ப ஒனக்குத்தான் மொதல்ல இருட்டும்?"

"ஆமாம்மா. இங்க நீ சாப்புட ஒக்கார்ற நேரத்துக்கு அங்க பொழுது சாஞ்சிருக்கும்."

"அப்ப நீ மொதல்ல சாப்புடு. நீ பொழுதோட சாப்ட்டா அப்பறம் நான் சாப்புடறேன். நீ சாப்புடலன்னா எனக்கும் அன்னைக்கி இல்ல."

"நான் சாப்ட்டது ஒனக்கு எப்டிம்மா தெரியும்?"

"அது என் கவல. ஒன் வேலய நீ பாரு."

காதர் பாய் சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது அநியாயம், நாங்க பொழுது சாஞ்சாத்தான் நோன்பு தொறக்கறோம், நீங்க சாயறதுக்கு முன்னாடி சட்டிய மூடறீங்க. நடுவுல அந்தச் சூரியன் யாரு பேச்சக் கேக்கும்?"

"அது ஒங்க பேச்சையே கேக்கட்டும் பாய். என் புள்ள என் பேச்சக் கேட்டாப் போதும்."

சாயந்தரமே மேல்சித்தாமூர்க் கோவிலுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய் சாமி முன்னால் அதை நியமமாக ஏற்றுக்கொண்டாள். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். படிக்காத ஒரு தாயின் அன்பு என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

போன புதிதில் சிரமமே இல்லை. கோடைகாலம், ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருந்தது, ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்து சோறு வடித்து, அவித்த சோயாபீன்ஸோ வெள்ளரிக்காயோ வைத்துக்கொண்டு பொழுதோடு சாப்பிட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றுவேன். ஒசாகாவைச் சுற்றி வட்டமாக ஒரு ரயில் பாதை ஓடுகிறது, அதில் ஏறி வாரம் ஒரு ஸ்டேஷனில் இறங்கி அந்தப் பேட்டையை நடந்தே பார்ப்பது. என் கூடத்தில் வேலை செய்த மொரிதா என்ற ஜப்பானிய மாணவர் ஒரு வரைபடம் கொடுத்திருந்தார், சில வாரங்கள் கூடவும் வருவார். தென்னோஜியில் பழைய கோவில்கள், அதற்குப் பக்கத்தில் ஷின்செகாய் என்று ஒரு பேட்டை, நடுவில் இரும்புக் கோபுரம், கீழே பகலிலேயே குடித்துவிட்டுச் சதுரங்கம் ஆடுகிற கிழவர்கள். நிப்பொன்பாஷியில் தெரு முழுக்க ரேடியோவும் டேப்ரெக்கார்டரும். உமேதாவில் தரைக்குக் கீழே ஒரு தனி ஊரே இருந்தது, கடைகள், ஓட்டல்கள், நீரூற்று, கிளை கிளையாகப் பிரியும் வழிகள், மேலே என்ன நேரம் என்று கீழே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அந்த ஊர்மேல் ஒரு பித்து பிடித்துவிட்டது. கோட்டை, குன்று, வல்லம் பக்கத்து நெல்வயல் என்று பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தீராத தீனி.

குளிர்காலம் வந்தது. இங்கே நமக்குப் பொழுது சாயும் நேரம் தைக்கும் ஆனிக்கும் பெரிதாக மாறுவதில்லை, அதனால் அங்கே அது இவ்வளவு இறங்கும் என்று நானோ அம்மாவோ கணக்கிலேயே எடுக்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் கும்மென்று இருட்டிவிடும். முதலில் ஒரு நாள் தவறியது, பிறகு அடிக்கடி தவறியது, பிறகு நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். சுற்றிவிட்டு வந்து ராத்திரியில் சாப்பிட்டேன், குளிருக்கு உதோன் என்ற நூடுல்ஸ் விற்கிற கடையில் நின்றபடியே அதன் சாற்றைச் சூடாகக் குடித்தேன், அந்தச் சாறு மீனில் எடுத்தது என்று மொரிதா சொன்னபிறகும் குடித்தேன். வீட்டுக்கு எழுதும்போது மட்டும் பொழுதோடு சாப்பிடுகிறேன் என்று எழுதினேன்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. சுருஹாஷி என்று ஒரு இடம், ரயில் பாதைக்கு அடியிலேயே சந்தை, கொரியாக்காரர்கள் நிறையப்பேர் கடை வைத்திருப்பார்கள், தலைக்குமேல் தடதடவென்று ரயில் போகும், கீழே மீனும் இறைச்சியும் ஊறுகாயுமாகத் தரையெல்லாம் ஈரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரத்தில் அதற்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஊறுகாய் விற்கிற ஒரு வயதான அம்மாள் என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் கூப்பிட்டாள். வானம் இருக்கும் திசையைக் காட்டினாள். பிறகு வலது கையின் ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டி, கேள்வியாகத் தலையை ஆட்டினாள்.

நீங்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊரில் சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்கிறவர்கள் இரண்டு விரலைச் சாப்பாட்டுக் குச்சிபோல நீட்டிக் காட்டுவார்கள். சோற்றை உருட்டி வாயில் போடுகிற மாதிரி விரலைக் குவிப்பது நம் பழக்கம். இது எங்கே கற்றீர்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டேன். நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து இப்படிக் கேட்டுவிட்டுப் போனாள், உன் நிறம், வெள்ளைத் துணி உடுத்தியிருந்தாள், செருப்பு இல்லை, உன்னைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன் என்றாள். யாரோ இந்தியக் குடும்பம் பக்கத்தில் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஷின்செகாயில், சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஒரு கிழவர் காயை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அதே ஐந்து விரல், அதே கேள்வி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பொங்கலுக்கு வீட்டோடு பேசலாம் என்று காதர் பாய் கடைக்கு டிரங்க் கால் போட்டேன், அப்போது எங்கள் தெருவுக்கு அதுதான் போன். இரைச்சலுக்கு நடுவே பாயின் குரல் கேட்டது.

"அல்லோ, ஆரு? தரணியா? டேய், ஆராவது ஓடிப்போய் பத்மாவக் கூப்டுங்கடா! தம்பி, இன்னாப்பா, ஒழுங்காச் சாப்புடறியா இல்லியா நீ?"

"ஏன் பாய்?"

"ஒங்கம்மா சாப்புடறதில்லப்பா. வாரத்துல பாதி நாளு பட்டினி கெடக்குது. கேட்டா, அவன் சாப்புடல, நான் எப்டிச் சாப்புடறதுன்னுது. எங்க வீட்டு நோன்புக்காவது ஒரு மாசத்துல பெருநா வந்துடுது, இதுக்கு எப்பப்பா பெருநா?"

பத்மா மூச்சிரைக்க ஓடிவந்து வாங்கினாள். "அண்ணா, நீ பொழுதோட சாப்புடறியா?"

"சாப்புடறேன்."

"பொய் சொல்லாத. போன ஞாயித்துக்கெழம?"

ஷின்செகாய்க்குப் போன நாள் அது. ராத்திரிதான் சாப்பிட்டிருந்தேன்.

"அன்னைக்கி அம்மா எலை போட்டு ஒக்காந்துட்டு எழுந்துட்டாங்க. சோத்த மாட்டுக்கு வெச்சிட்டாங்க. திங்கக்கெழம சாப்ட்டாங்க. செவ்வாக்கெழம மறுபடி இல்ல."

திங்கட்கிழமை எனக்குச் சளி, வெளியே போகாமல் அறையில் இருந்து வெளிச்சத்திலேயே கஞ்சி குடித்திருந்தேன். செவ்வாய் ராத்திரிச் சாப்பாடு. பத்மா ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொல்ல நான் இந்தப் பக்கம் ஒத்துப்பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வேறு ஒருவன் என்றால் என்ன செய்திருப்பான்? நம்பினானோ நம்பவில்லையோ, அடுத்த நாளிலிருந்து ஒழுங்காகப் பொழுதோடு சாப்பிட்டிருப்பான். ஒரு ரொட்டியைப் பையில் வைத்திருந்து நான்கு மணிக்குத் தின்பது பெரிய காரியமா? நான் அதைச் செய்யவில்லை. நான் சோதனை வைத்தேன்.

கிழமையை வைத்து அம்மா ஊகிக்கிறாளோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று தினமும் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டேன். ஒரு பக்கம் விழுந்தால் பொழுதோடு சாப்பிடுவேன். மறுபக்கம் விழுந்தால் பசித்தாலும் இருட்டும்வரை தொடமாட்டேன். எந்தெந்த நாள் அம்மா சாப்பிட்டாள் என்று பத்மாவிடம் போனில் கேட்டுக்கொள்வேன், ஏன் என்று அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லிவைத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் ஒரே ஒரு வாழைப்பழம் மட்டும் தின்றேன். அன்றைக்கு அம்மா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாளாம், அரை வயிறு போதும் என்றாளாம். அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. சோதனை சரியாக வந்தால் ஒரு சந்தோஷம் வருமே, அது வந்தது. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அண்ணா, போதும்ணா," என்றாள் பத்மா. "அம்மாவால கொடம் தூக்க முடியல. பாதி வழியில எறக்கி வெச்சிட்டு ஒக்காந்துட்டாங்க."

"இன்னும் ஒரு வாரம் பத்மா."

"நீ யாருக்குப் பரீட்ச வெக்கற? அவங்க பசிக்கா?"

நான் கோபப்பட்டுப் போனை வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று பார்க்க நினைத்தேன். சூரியனே தெரியாத இடத்தில் இருந்தால்? உமேதாவின் தரையடிக் கடைத்தெருவுக்குள் மத்தியானமே இறங்கிவிட்டேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டேன். பையில் ரொட்டி இருந்தது. எப்போது தோன்றுகிறதோ அப்போது சாப்பிடுவது, அது பொழுதுக்கு முன்னா பின்னா என்று எனக்கே தெரியக்கூடாது, பிறகு மேலே ஏறிப் பார்ப்பது. அப்படி ஒரு புத்திசாலித்தனம்.

நீரூற்றுப் பக்கம் நடந்தேன், திரும்பினேன், வேறு கிளையில் போனேன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எல்லாரும் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நீளமான வழி, இரண்டு பக்கமும் கடைகள். அதன் அந்தக் கோடியில் குடை விற்கிற ஒரு பெண் கடைக்கு வெளியே வந்து இந்தப் பக்கம் திரும்பி, கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். அவளுக்கு அடுத்த கடை, இனிப்பு விற்கிறவன், அவனும் வெளியே வந்தான். அவனும் அப்படியே செய்தான். அதற்கு அடுத்தது செருப்புக் கடை. அடுத்தது பூக்கடை. யாரோ ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டே என்னை நோக்கி வருகிற மாதிரி, அவர்கள் வரிசையாக ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நடுவில் நடந்து வருகிறவர் யாரென்று பார்த்தேன். கூட்டம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டம் ஓர் ஆள் அளவுக்கு விலகி விலகி வழிவிட்டுக்கொண்டு வந்தது, நான் சத்தியமாகச் சொல்கிறேன். வழிவிடுகிற யாரும் தாங்கள் விலகுவதைக் கவனிக்கவில்லை.

ரொட்டியை எடுத்துப் பிய்த்து வாயில் திணித்தேன். மென்றுகொண்டே படியேறி ஓடினேன். மேலே வந்தபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வானம் முழு இருட்டு.

அன்றைக்கு அம்மா விழுந்துவிட்டாள். சோற்றை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம், எழுந்தபோது சாய்ந்துவிட்டாளாம். காதர் பாய்தான் போனில் சொன்னார், அந்த ஒரு தடவை அவர் விளையாட்டாக ஒன்றும் பேசவில்லை. "கெளம்பி வந்துடு தம்பி" என்று மட்டும் சொன்னார். யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் கிளம்பினேன். மெட்ராஸில் இறங்கித் திண்டிவனம் வந்து பஸ் மாறி, கோட்டை இருக்கும் ராஜகிரி மலை கண்ணில் பட்டபோது மத்தியான வெயில்.

அம்மா பாயில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள், இளைச்சிட்டியேடா என்றாள். புத்தி பேதலித்திருந்தது என்று சொல்லிவிடாதீர்கள், அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

"தரணி, என்ன ஏண்டா அந்த மீனுக்கடைங்க நடுவுல நடக்க வெச்ச? கால் வெக்க எடமில்ல, கீழெல்லாம் ஈரம். தலைக்கு மேல ரயிலு. அந்த நாத்தம் இன்னும் போவல."

நான் அந்தச் சந்தையைப் பற்றி வீட்டுக்கு ஒரு வரி எழுதியதில்லை. எங்கள் அம்மா செஞ்சி பஜாரில் மீன்காரி எதிரே வந்தால் அடுத்த தெருவால் சுற்றிப் போகிறவள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஆனால் சோதனை வைத்ததைச் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

பத்மா சோறு போட்டாள். நல்ல வெளிச்சம், பொழுது சாய எவ்வளவோ நேரம் இருந்தது. அம்மா பார்க்கும்படி எதிரே உட்கார்ந்து, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.

"சாப்ட்டேம்மா. பாத்தல்ல? இப்ப நீ சாப்புடு."

"பாத்தேன்," என்றாள். பத்மா ஊட்டப் போன கையை மெல்ல ஒதுக்கினாள். "நீ சாப்ட்ட. அங்க இருக்கறவன் சாப்புடலியே."

"அங்க யாரும்மா இருக்கா? நான்தான் இங்க வந்துட்டேனே."

"நீ வந்துட்ட. அவன் வரல."

விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பத்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதில் நான் இன்னும் ஏதோ மறைக்கிறேன் என்ற சந்தேகம் இருந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவேன், அவள் அன்போடு பார்த்துக்கொண்டிருப்பாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா என்பாள், பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். திறக்கும்போது தலையை ஆட்டுவாள், அவன் சாப்பிடவில்லை என்று. துணியில் வடிகட்டிய தண்ணீர் மட்டும் குடித்தாள். டாக்டர் வந்து பார்த்து ஊசியில் குளுக்கோஸ் ஏற்றலாம் என்றார், அதுவும் சாப்பாடுதானே என்று கையை இழுத்துக்கொண்டாள். காதர் பாய் வந்து, "ஏம்மா, ஒம் புள்ள கண்ணு முன்னாடி குந்திக்கினு திங்கறான், இன்னும் எந்தப் புள்ளைக்கி இந்த நோன்பு?" என்று அதட்டினார். "அவனும் புள்ளதானே பாய்," என்றாள். அவர் வெளியே போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம், அம்மா கண்ணை மூடி இருந்தவாறே பேசினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பொட்டி மாரி ஒரு ரூமு, அதுக்குள்ள போயி நின்னான். அது கீழ எறங்குது. சைக்கிளத் தள்ளிக்கினு ஆளுங்க கூட நிக்கறாங்க. கீழ வெள்ள வெளேர்னு ஒரு வழி, குகை மாரி. மேல தண்ணி ஓடுதுடா தரணி, ஆறு ஓடுது. ஆத்துக்கு அடியில தனியா போறான்."

அப்படி ஓர் இடத்தை நான் ஒசாகாவில் பார்த்ததில்லை. உமேதா இல்லை, அங்கே ஆறும் கிடையாது, சைக்கிளும் வராது. நான் சுற்றின எந்தப் பேட்டையிலும் அது இல்லை.

மாசி மாதக் கடைசியில் அம்மா போய்விட்டாள். சாயந்தர வெளிச்சம் வாசலில் இருக்கும்போதே. கடைசியாக என்னைப் பார்த்து, "போயி அவனக் கூட்டிக்கினு வாடா" என்றாள்.

நான் போகவில்லை. திரும்ப ஒசாகாவுக்குப் போகவே இல்லை, படிப்பை அப்படியே விட்டுவிட்டு இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். அதற்கு மேல் பொழுது சாய்ந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பத்மா கல்யாணமாகித் தொண்டூர்ப் பக்கம் போனாள், வருவாள், பேசுவாள், அந்த வாரங்களைப் பற்றி மட்டும் நாங்கள் பேசமாட்டோம். அம்மாவுக்குப் பலவீனத்தில் மனம் ஏதோ காட்டியிருக்கிறது, மகனைப் பிரிந்த ஏக்கம் இரண்டாக்கிப் பார்த்திருக்கிறது, இப்படியெல்லாம் எனக்கு நானே பாடம் நடத்தி ஓரளவு ஆறியிருந்தேன்.

வெகுகாலம் கழித்து மொரிதா வந்தார். ஏதோ கருத்தரங்குக்கு மெட்ராஸ் வந்தவர், என் ஊர்க் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்று ஒரு நாள் ஒதுக்கி வந்திருந்தார். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. வெயிலில் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மஹால்வரை நடந்து ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். பழைய பேட்டைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன், ஒசாகாவில் ஆற்றுக்கு அடியில் நடந்துபோகிற வழி ஏதாவது உண்டா என்று.

"அஜி ஆற்றுக்கு அடியில் ஒன்று இருக்கிறது," என்றார். "லிஃப்டில் இறங்க வேண்டும். உள்ளே வெள்ளை ஓடு பதித்திருக்கும். அந்தப் பக்கத்து ஜனங்கள் சைக்கிளோடு கடப்பார்கள். வெளியூர்க்காரர்கள் யாரும் அங்கே போவதில்லை. ஏன் கேட்கிறீர்கள், உங்களுக்குத்தான் அது தெரியுமே."

"எனக்கா?"

"உங்களை அங்கே பார்த்தேனே. சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள், எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு செர்ரி பூத்துக் கொட்டுகிற சமயத்தில் அந்தச் சுரங்கத்தில் எதிரே வந்தீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஏதோ கோபம் என்று நினைத்து, இத்தனை நாளும் கேட்கவில்லை."

அவர் செர்ரி பூக்கிற காலம் என்று சொன்னது நம் பங்குனி கடைசி. அம்மா போய் ஒரு மாதமாகியிருந்தது. நான் இதே ஊரில், மொட்டைத் தலையோடு, நைனாவின் பழைய மல்லாட்டை மண்டிக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படி இருந்தேன் என்று மட்டும் கேட்டேன்.

மொரிதா கொஞ்சம் தயங்கினார், மரியாதை தெரிந்த மனிதர்.

"ரொம்ப இளைத்திருந்தீர்கள்," என்றார். "பல நாள் சாப்பிடாதவரைப் போல."

நான் கிழவனாகிவிட்டேன். இன்றைக்கும் வெயில் சாய ஆரம்பிப்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டேன், வயிறு நிறைந்துதான் இருக்கிறது. அம்மா இருந்தவரைக்கும் அந்த ஊரில் தெருத்தெருவாகப் போய் அவனைத் தேடினாள், சாப்பிட்டானா என்று கடை கடையாகக் கேட்டாள். இப்போது அவனைக் கேட்க அங்கே யாரும் இல்லை.